பான்கேக், வெள்ளைப் பணியாரம்: உங்கள் வீட்டு அடுப்படியில் நடந்ததைச் சொல்லுங்கள்

வளவுவாசல்

எங்கள் நகரத்தார் வீடுகளில் எடுக்கும் பிள்ளையார் நோன்புக்குத் தம்பி குடும்பம் மெல்போர்னிலிருந்து வந்திருந்தது. நோன்புக்கு முதல் நாள் காலையில் சின்னவள் பான்கேக் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நோன்பு முடியும்வரை முட்டை அடுப்படிப் பக்கமே வரக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. சரி, முட்டை இல்லாமலே செய்வோம் என்று மைதா ஒரு கப், புளித்த மோர் ஒரு கப், அரைத் தேக்கரண்டி சோடா, கொஞ்சம் சீனி, உருக்கின வெண்ணெய் என்று எடுத்து வைத்தோம். கலக்குவதற்கு அப்பத்தா கல்யாணத்துக்கு வந்த சுவீடன் எனாமல் கிண்ணம். தம்பி, நான், இரண்டு பிள்ளைகள். எங்கள் வீட்டு அடுப்படியில் இரண்டு ஆண்கள் ஒரே நேரத்தில் கரண்டி பிடித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அப்பத்தாவுக்கு 86 வயது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்றில் பார்வை மங்கல். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். "கட்டி கட்டியா கெடக்கே, நல்லா அடிச்சுக் கலக்குப்பா" என்றார். பான்கேக் மாவில் அந்த வேலை கூடாது என்பது செய்கிறவர்களுக்குத் தெரியும். அடிக்க அடிக்க மைதாவில் இழுவை ஏறி, வெந்தபின் ரப்பர் மாதிரி ஆகிவிடும். இதைத் தன்மையாகச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "இது வேற மாவு அப்பத்தா, உங்களுக்குத் தெரியாது. அங்கிட்டுப் போய் உக்காருங்க, எண்ணெய் தெறிக்கும்." எண்ணெய் எங்கே இருந்தது? தோசைக்கல்லில் தடவின ஒரு சொட்டு வெண்ணெய்தான்.

"சரிப்பா" என்று நகர்ந்துவிட்டார்.

முதல் இரண்டும் பாழ். ஒன்று, கல் காயுமுன் ஊற்றியதால் வெளுத்துப்போய் ஒட்டிக்கொண்டது. அடுத்தது அடி கருகி, நடுவில் பச்சை மாவு. மூன்றாவதைச் சின்னவள் ஊற்றினாள். மேலே ஒவ்வொன்றாகக் குமிழ் கிளம்பியது. தம்பி போனில் படம் எடுக்கிறான், நான் கரண்டியை அடியில் செருகப் போகிறேன். பின்னாலிருந்து குரல்: "இருப்பா. குமிழி உடையட்டும். உடைஞ்ச ஓட்டை மூடிக்கிராம நின்னாத்தான் திருப்பணும்."

நிலைப்படியில் சாய்ந்து நிற்கிறார். போய் உட்காரவே இல்லை. அந்தத் தூரத்துக்கு அந்தக் கண்ணுக்குக் குமிழ் தெரிந்திருக்காது. வாசனையை வைத்தா, ஆப்பம் சுட்ட பழக்கமா, தெரியவில்லை. ஓட்டைகள் நின்றபிறகு திருப்பினோம். தேன் நிறத்தில், ஓரம் சீராக வந்தது. சின்னவள் கைதட்டிவிட்டு அதில் ஒரு துண்டைப் பிய்த்து, கருப்பட்டிப் பாகில் தோய்த்துப் பெரிய அப்பத்தா வாயில் வைத்தாள். மேப்பிள் பாகு ஒரு லிட்டர் எடுக்க 40 லிட்டர் மரநீரைக் காய்ச்சுவார்களாம். எங்களிடம் இருந்தது கருப்பட்டிதான், அதுவே நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் நோன்பில் 21 நூல் திரித்த திரியை மாவில் செருகி ஏற்றிய இழையைச் சுடரோடு வாயில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது, எப்போதும்போல எனக்குத் திருநீறு பூசிவிட்டார். முந்தின நாளைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. "உங்களுக்குத் தெரியாது" என்று நான் சொன்னது எனக்கு மட்டும்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

உங்கள் வீட்டில் எப்படி? பான்கேக், பணியாரம், எதுவானாலும் போடுங்கள்.

ரஸ்தா மருமகள்

எனக்குக் கல்யாணமான மூன்றாம் மாதம். மாமியார் கோயிலுக்குக் கிளம்பும்போது, "சாயந்தரம் வெள்ளைப் பணியாரம் ஊத்திரு ஆத்தா. தலைதட்டி அரிசி, மேல நிக்கிற அளவு உளுந்து" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நிற்கிற அளவு என்றால் எவ்வளவு? நான் தஞ்சாவூர்ப் பக்கம். எங்களுக்குக் குழிப்பணியாரம்தான் பழக்கம். உழக்கின் மேல் உளுந்து தானாகச் சரிந்து விழும்வரை கொட்டினேன். இன்னும் ஒரு கை போட்டால் பஞ்சு மாதிரி வரும் என்று அதையும் போட்டேன்.

முதல் பணியாரம் எண்ணெயில் முங்கி, எழும்பி, ஓரம் பூப்போல விரிந்து, அப்படியே நிலா மாதிரி மிதந்தது. எனக்கு ஒரே பெருமை. நாத்தனார், கொழுந்தனார், அவர் பிள்ளைகள் என்று எல்லோரும் வளவில் உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டுத் தட்டாகப் போனது. மாமனார் பத்திரிகையை விரித்து, அதன்மேல் ஒரு பணியாரத்தை வைத்து, மேலே இன்னொரு தாளைப் போட்டு உள்ளங்கையால் மெதுவாக அழுத்தினார். எடுத்தபோது அந்த இடத்தில் தாள் கண்ணாடியாகிவிட்டது. மறுபக்கத்தில் இருந்த வரன் விளம்பரம் இந்தப் பக்கமிருந்தே படிக்கிற மாதிரி தெரிந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு பணியாரத்தையும் அதேபோல அழுத்தி அழுத்திச் சாப்பிட்டு முடித்தார். நாத்தனார்தான் அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து விளம்பரத்தைச் சத்தம்போட்டுப் படித்தாள். 19 வருஷம் ஆகிறது. இன்றைக்கும் பணியாரம் எடுத்தால் முதலில் நானே ஒன்றைத் தாளில் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்புகிறேன்.

உளுந்துக் கோபுரம்

ரஸ்தா மருமகள் செய்த தவறு எளிதாகத் தவிர்த்திருக்கக்கூடியது. "மேல நிக்கிற அளவு" என்பதற்குக் கணக்கு உண்டு. உழக்கில் பச்சரிசியை நிரப்பித் தலை தட்டிக்கொள்ளுங்கள். அதன்மேல் உருட்டு உளுந்தைக் கோபுரமாக வைத்தால் சரியாமல் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான். சரிந்தது கணக்கில் சேராது. உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் எழும்பாமல் தட்டையாகக் கிடக்கும்.

அரிசி பழைய அரிசியாக இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தே இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும். விரலில் எடுத்துத் தேய்த்தால் குருணை தட்டக்கூடாது. மிக்ஸியில் அரைப்பவர்கள் ஐஸ் தண்ணீர் விடுங்கள், மாவு சூடேறினால் கெட்டது. உப்பு, ஒரு சிட்டிகை சீனி, இரண்டு கரண்டி பால். கரண்டியிலிருந்து சாய்த்தால் தடைபடாமல் ஒரே சீராக விழ வேண்டும். இட்லி மாவு மாதிரி புளிக்கவிடாதீர்கள். ஆட்டிய கையோடு ஊற்றிவிட வேண்டும், புளித்தாலும் எண்ணெய் குடிக்கும்.

குழிவான சட்டி, நிறைய எண்ணெய், ஒரு நேரத்துக்கு ஒன்றுதான். நடுவில் ஊற்றிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அது தானாக மேலே வரும். வந்ததும் ஒரு திருப்பு, சிவக்குமுன் எடுப்பு. முதலில் ஒன்றை ஊற்றிச் சோதிக்க வேண்டும். கெட்டியாக வந்தால் உளுந்து அரைத்துச் சேருங்கள், எண்ணெய் குடித்தால் பச்சரிசி மாவு ஒரு கரண்டி. தொட்டுக்கொள்ள வரமிளகாயும் சின்ன வெங்காயமும் வைத்து அரைத்த டாங்கர் சட்னிதான். தேங்காய்ச் சட்னி வைப்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

என் அனுபவம் என்றால் பெரிதாக இல்லை. வீட்டுக்காரி ஊற்றுவாள், நான் பக்கத்தில் நின்று சொல்வேன். போன தீபாவளிக்குக் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டாள். நான் ஊற்றியவை சட்டியின் அடியிலேயே உட்கார்ந்துகொண்டன. மாவில் கோளாறு இல்லை, அடுப்புத்தான் சரியில்லை.

ரஸ்தா மருமகள்

நன்றி ஐயா. நான் அளவு கேட்கவில்லை. தாளைப் பற்றித்தான் எழுதியிருந்தேன்.

அடுப்புத்தான் சரியில்லை என்பதை ரசித்தேன்.

தெம்பனீஸ் பத்தாம் மாடி

ஞாயிற்றுக்கிழமை. மகனுக்குப் பான்கேக், அவருக்குப் பணியாரம், எனக்கு இரண்டுமே வேண்டாம், ஒரு காபி போதும். உளுந்து போதாமல் போய்விட்டது. எப்படியும் இரண்டும் பொங்குகிற மாவுதானே என்று கடையில் வாங்கின பான்கேக் மாவு அரைப் பொட்டலம் மீதியிருந்ததைப் பணியார மாவோடு கலந்துவிட்டேன். என்ன தைரியம் பாருங்கள்!

அந்தப் பொட்டலத்தில் சோடாவும் சீனியும் சேர்ந்தே வரும். காய்ந்த எண்ணெயில் ஊற்றினதும் மாவு குப்பென்று நுரைத்து, ஓரமெல்லாம் பிரிந்து, கண்மூடித் திறக்குமுன் கருஞ்சிவப்பாகிவிட்டது. எடுத்தால் கையில் உதிர்கிறது. சட்டி முழுக்க நுரை. மகன் மட்டும், "சாக்லேட் பணியாரமாம்மா?" என்று குதிக்கிறான்.

அதே நேரம் கானாடுகாத்தானிலிருந்து ஆத்தா வீடியோவில் வந்தார்கள். வாராவாரம் அந்த நேரத்துக்கு வருவதுதான். போனைச் சட்டிப் பக்கம் காட்டிவிட்டேன், காட்டியிருக்கக் கூடாது. ஆத்தா முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தார்கள். ஒரு பத்து விநாடி பேச்சே இல்லை. அப்புறம், "கரண்டு போயிருச்சு தாயி, பெறகு கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டார்கள்.

அவர்கள் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷமாகிறது. நானும் அதைக் கேட்கவில்லை, அவர்களும் பேச்செடுக்கவில்லை. ஆனால் அந்த மாதமே யாரோ ஊரிலிருந்து வந்தவரிடம் ஐந்து கிலோ உருட்டு உளுந்து கொடுத்தனுப்பினார்கள்.

பழைய கணக்கு

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். பணியாரத்தையும் பான்கேக்கையும் ஒரே தலைப்பில் கட்டுவதே தப்பு. பான்கேக் தட்டைக் கல்லில் கொழுப்புத் தடவிச் சுடுவது. வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் முங்கி எழுவது. ஒன்று கோதுமை, மற்றது அரிசியும் உளுந்தும். ஒன்றைச் சோடா தூக்குகிறது, இன்னொன்றில் உளுந்தின் கொழகொழப்பு காற்றைப் பிடித்துவைத்துத் தூக்குகிறது. உறவு தேடினால் பணியாரம் பூரிக்குத்தான் கிட்டம். வெள்ளைக்காரருக்குப் புரியவைக்க உணவகங்களின் பட்டியலில் போட்ட பெயரை நாமும் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். காரைக்குடியில் ஒரு விடுதியில் "செட்டிநாட்டு வெள்ளைப் பான்கேக்" என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு அன்று இரவு நான் சாப்பிடாமலே வந்தேன்.

குரோய்டன் குடித்தனம்

பழைய கணக்கு ஐயா, எந்தப் பான்கேக்கைச் சொல்கிறீர்கள்? அமெரிக்காவில்தான் சோடா போட்டுக் கனமாக அடுக்குவார்கள். இங்கே இங்கிலாந்தில் சோடாவே கிடையாது. மைதா, முட்டை, பால் அவ்வளவுதான். கிட்டத்தட்ட நம் ரவா தோசை தடிமன், மேலே எலுமிச்சையும் சீனியும். சாம்பல் புதனுக்கு முதல் நாள் செவ்வாய்க்கிழமைதான் பான்கேக் நாள். தவக்காலம் தொடங்குமுன் வீட்டில் இருக்கும் முட்டை, பால், வெண்ணெயைத் தீர்த்துக்கட்ட வந்த வழக்கம். ஓல்னி என்ற ஊரில் பெண்கள் சட்டியில் பான்கேக்கோடு ஓடும் பந்தயம் உண்டு; தொடக்கத்திலும் முடிவிலும் அதைத் தூக்கிப்போட்டுப் பிடிக்க வேண்டும். 1445 முதல் நடப்பதாக ஊர் வழக்கு. நோன்புக்கு முன்னால் முட்டையைத் தீர்ப்பது அங்கே, நோன்புக்கு முன்னால் முட்டையைத் தள்ளிவைப்பது நம் வளவுவாசல் வீட்டில்.

என் கதை சின்னது. அப்பச்சி ஊரிலிருந்து வந்திருந்த வருஷம், அந்தச் செவ்வாய்க்கிழமை மகள் பள்ளியில் பார்த்துவிட்டு வந்து, நாமும் தூக்கிப்போட வேண்டும் என்றாள். நான் சட்டியைப் பிடித்து ஒரு வீசு வீசினேன். பான்கேக் மேலே போனது. வரவேண்டிய இடத்துக்கு வரவில்லை. பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பச்சியின் இடது தோளில், துண்டு போட்ட மாதிரி அவ்வளவு சரியாக மடிந்து விழுந்தது.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பச்சி அசையவே இல்லை. திரும்பித் தோளைப் பார்த்தார். இரண்டு விரலால் எடுத்துத் தட்டில் போட்டு, எலுமிச்சையைப் பிழிந்து, சீனியைத் தூவிச் சாப்பிட்டார். "புளிப்பு தோசைக்கு இது பரவாயில்லை" என்று மட்டும் சொன்னார்.

சட்டையில் பட்ட வெண்ணெய்க் கறை துவைத்தும் போகவில்லை. அந்தச் சட்டையோடுதான் விமானம் ஏறினார். அதற்குப் பிறகு அவர் இங்கே வரவில்லை. போன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நான் படம் எடுக்கவில்லை.

எண்ணெய்ச்சட்டி மகன்

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். குடும்பத்தோடு சேர்ந்து ஊற்றினோம் என்கிறீர்கள். எங்கள் அம்மாவும் நிறையக் குடும்பங்களோடு சேர்ந்து ஊற்றியிருக்கிறார். கூலிக்கு.

கோட்டையூர், பள்ளத்தூர்ப் பக்கம் கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி என்றால் சமையல்கட்டில் அம்மா இருப்பார். இடைப்பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரம் என்றால் பின்கட்டில் விறகடுப்பு, பெரிய சட்டி, மணையில் உட்கார்ந்தால் மூன்று நான்கு மணி நேரம் எழுந்திருக்க முடியாது. ஊற்றுவது அம்மா, திருப்பி எடுப்பது பக்கத்து வீட்டு அக்கா. ஒன்று ஒன்றாகத்தான் ஊற்ற முடியும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறாரே, அப்படி ஐந்நூறு ஊற்றிப் பாருங்கள். மணிக்கட்டு முழுக்க எண்ணெய் தெறித்த புள்ளிகள், கடுகை இறைத்த மாதிரி இருக்கும்.

ஒரு நாள் மிஞ்சின மாவைத் தூக்குச் சட்டியில் கொடுத்தனுப்பினார்கள். நாங்கள் ஐந்து பேர். எங்களுக்குத் தூக்கமே இல்லை, அம்மா ஊற்றப்போகிறார் என்று. வீட்டில் இருந்ததோ ஒரு கை எண்ணெய். அம்மா தோசைக்கல்லைப் போட்டு, அந்தச் சீனியும் பாலும் விட்ட மாவைச் சின்னச் சின்ன வட்டமாக ஊற்றினார். நான் ஏழு வயதுக்காரன். "இது பணியாரம் இல்ல, அங்க சாப்பிடறாங்களே அதுதான் வேணும்" என்று தட்டைத் தள்ளிவிட்டேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. தட்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அதில் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு, கொஞ்ச நேரம் மென்றார். "இனிப்பு இம்புட்டுத்தான் போட்டாங்களா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவ்வளவு வருஷம் ஊற்றியும் அந்த மாவின் ருசி அம்மாவுக்கு அன்றுதான் தெரிகிறது. அடுப்பை விட்டு எழுந்தால்தானே சாப்பிட.

பழைய கணக்கு ஐயா, தட்டைக் கல்லில், கொழுப்புத் தடவி, வட்டமாகச் சுட்டது. அதைப் பான்கேக் என்று சொல்லலாமா?

உளுந்துக் கோபுரம்

பணியார மாவைக் கல்லில் ஊற்றுவதானால் கொஞ்சம் வெந்தயம் சேர்த்து ஆட்டிக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் வறட்டி மாதிரி இருக்கும். கல்லை நன்றாகப் பழக்கிவைத்திருந்தால் எண்ணெயும் அதிகம் தேவைப்படாது. இரும்புக் கல் என்றால் வெங்காயத்தை அரிந்து

ரஸ்தா மருமகள்

ஐயா, போதும்.

பழைய கணக்கு

சொல்லலாம்.

வளவுவாசல்

எண்ணெய்ச்சட்டி மகன் எழுதியதற்குக் கீழே எதை எழுதுவது என்று இரண்டு நாளாகச் சும்மா இருந்தேன். நான் இதைத் தொடங்கியவன் என்பதால் ஒன்று மட்டும்.

நேற்று ஊருக்குப் போயிருந்தேன். மத்தியானம் அப்பத்தா வளவில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு உங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன், கோவமா அப்பத்தா?" என்று கேட்டேன். கேட்க எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

"என்னைக்கு?"

"பான்கேக் சுட்ட அன்னைக்கு."

காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "தெரியாதுதானப்பா. மைதா மாவப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

நான் எழுந்திருக்கப் போனேன். "ஆனா அந்த மோரு புளிப்புப் பத்தலை" என்றார். "அடுத்த தடவ பிள்ளைக வாரப்ப ரெண்டு நாளைக்கு முன்னாடியே எடுத்து வையி. அந்தச் சின்னதுக்கு ஊத்துற கை நல்லாருக்கு. நீ கரண்டியத் தொடாத."